மந்த நாடி

பூரண ஆரோக்கியத்தோடு நடமாடுகிற ஒருவர், மணிக்கட்டில் கட்டியிருக்கும் நவீனக் கடிகாரம் விடியற்காலையில் காட்டும் 48 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அது தம் இருதயம் ஒரு நிமிஷத்தில் துடித்த கணக்கு என்பதையும், அந்தக் கணக்கு 60க்குக் கீழே இறங்கினால் அது வியாதி என்று யாரோ எப்போதோ சொன்னதையும் சேர்த்து நினைத்து, அன்றைய காப்பியைக்கூட ருசித்துக் குடிக்க முடியாமல் சஞ்சலப்படுவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. நம் முன்னோருக்கு இந்தச் சஞ்சலம் இருந்திருக்க நியாயமில்லை. மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதத்தின் நடை எப்படி, பித்தத்தின் நடை எப்படி, கபத்தின் நடை எப்படி என்று ஆராய்ந்த நம் நாட்டு வைத்தியர்கள் நாடியின் தன்மையைக் கவனித்தார்களேயன்றி, நிமிஷத்துக்கு இத்தனை என்று தொகை போட்டுப் பார்க்கவில்லை. ஐரோப்பாவிலும், ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில வைத்தியர், ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-இல் ஒரு நூலாக எழுதி வெளியிடும் வரையில், வைத்தியர்கள் பெரும்பாலும் தங்கள் விரலின் அனுபவத்தையே பிரமாணமாகக் கொண்டிருந்தார்கள்; ஃபிளாயர் எழுதிய பின்னும் நெடுங்காலம் அவருடைய முறையைப் பலர் பொருட்படுத்தவில்லை.

எண்ணத் தொடங்கிய பிறகு, எது எல்லை என்று ஒரு கோடு போட வேண்டிய அவசியம் வந்தது. ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு என்ற கோடு இவ்வாறு மனிதர் தம் வசதிக்காகப் போட்டதே. அதற்கு அப்பால் ஓர் அடி வைத்தால் ஆபத்து என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. 2018-இல் அமெரிக்க இருதய வைத்தியச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டு நெறியில், மந்த நாடி என்று சொல்லத்தக்கது 50க்குக் கீழ்ப்பட்டதே என்று கோட்டைக் கீழே இறக்கினார்கள். இந்த ஒரு தீர்மானத்தால், 52 என்றும் 55 என்றும் நாடி உடையவர்கள், ஒரு மாத்திரைகூட விழுங்காமல் வியாதியஸ்தர் பட்டியலிலிருந்து விடுதலை பெற்றார்கள். ஆகவே, வைத்தியரிடம் போக வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விடை தேடுவது வீண் பிரயாசை. ஓய்வில் மெதுவாக நடக்கும் இருதயம், உடம்பு கேட்கும்போது விரைகிறதா, விரையாமல் நிற்கிறதா என்பதே முதலில் கேட்கத்தக்கது. அதைக் கேட்பதற்கு, துடிப்பை நடத்துவது எது என்று சற்றுத் தெரிந்திருக்க வேண்டும்.

1906-ஆம் வருஷத்துக் கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில் பிரெட்கர் என்னும் கிராமத்தில், ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று நிபுணர் தம் மனைவியோடு சைக்கிளில் உலாவிவிட்டு வீடு திரும்பியபோது, அவரிடம் வேலை பழகிவந்த மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் இருதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு, வலது மேலறையில் பெரிய சிரை வந்து சேரும் இடத்தில் விசித்திரமான ஒரு சிறு திசுத்திரளைக் காட்டினார். மனித இருதயத்திலும் அதே இடத்தில் அது இருந்தது. சைனஸ் கணு என்று இப்போது நாம் வழங்கும் அந்தச் சிறு திரளே, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தானாக மின்கிளர்ச்சியை எழுப்பி, இருதயம் முழுவதையும் துடிக்கச் செய்வது.

இதில் சாமானியர் அறியாத விஷயம் ஒன்றுண்டு. வெளியிலிருந்து வரும் நரம்புகளின் ஆதிக்கம் அனைத்தையும் மருந்துகளால் தற்காலிகமாக நிறுத்திவிட்டால், ஓர் இளைஞனுடைய கணு நிமிஷத்துக்கு 100 தடவையோ அதற்குச் சற்று மேலோ துடிப்பை எழுப்பும். பிறருடைய இருதயத்தை மாற்றிப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, நரம்புகள் அறுபட்டிருப்பதால், படுத்திருக்கும்போதும் நாடி 90, 100 என்று ஓடிக்கொண்டிருப்பது இதற்குப் பிரத்தியட்சமான சாட்சி. அப்படியானால் 70 என்பதே இயற்கையான வேகமன்று. அது அடக்கி வைக்கப்பட்ட வேகம். அடக்குவது, மூளையின் அடிப்பாகத்திலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு. குதிரை எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் கடிவாளம் பிடித்தவன் கையில்தான் அதன் நடை இருக்கிறது என்பதுபோல, ஓய்வில் நம் நாடியின் வேகத்தைப் பெரும்பாலும் இந்த நரம்பே நிர்ணயிக்கிறது. ஜெர்மனியில் வேபர் சகோதரர்கள் 1845-இல் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டி, இருதயம் மெதுவாகி நின்றே போவதைக் கண்டார்கள். ஒரு நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேலை செய்யும் என்று மட்டுமே நம்பியிருந்த அக்காலத்தில், தூண்டினால் வேலை நிற்கும் என்பது நம்புவதற்கரிய செய்தியாக இருந்தது. 1921-இல் கிராட்ஸ் நகரத்தில் ஆட்டோ லோவி, இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதை நனைத்திருந்த உப்புநீரை மற்றொன்றில் விட்டபோது, நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இருதயமும் மெதுவாயிற்று. நரம்பு சுரந்த ஏதோ ஒரு ரசாயனப் பொருள்தான் இருதயத்தை அடக்குகிறது என்பது அதனால் புலனாயிற்று. அந்தப் பரிசோதனை அவருக்குக் கனவில் தோன்றியது என்ற கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன்.

ஓடுபவர்கள், நீந்துபவர்கள், நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்கள் ஆகியோருக்கு நாடி 50, 45, சிலருக்கு 40க்கும் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு பயப்படுவதற்கில்லை. ஓய்வில் நம் தேகத்துக்கு ஒரு நிமிஷத்தில் சுமார் 5 லிட்டர் இரத்தம் வேண்டியிருக்கிறது. தடவைக்கு 70 மில்லிலிட்டர் வீதம் தள்ளும் இருதயம் 70 தடவை துடித்தால் அந்தத் தேவை பூர்த்தியாகிறது. பயிற்சியால் அறைகள் விசாலமடைந்து, தடவைக்கு 110 மில்லிலிட்டர் தள்ளக்கூடிய இருதயத்துக்கு 45 துடிப்பே போதும். ஸ்வீடன் தேசத்து வைத்தியரான ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இருதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டு, 1899-இல் அதை எழுதி வைத்தார். வீரர்களின் மந்த நாடிக்கு வேகஸ் நரம்பின் பலமே முழுக் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் மான்செஸ்டரில் நடந்து 2014-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஓடப் பழக்கிய சுண்டெலிகளின் சைனஸ் கணுவிலேயே, துடிப்பை எழுப்பும் மின்னேற்றத் துகள்கள் புகும் நுண்வாயில்களுள் ஒருவகை குறைந்துவிடுகிறது என்று காட்டிற்று. கடிவாளம் இறுகுவதோடு குதிரையும் சாதுவாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

பயிற்சி ஏதும் இல்லாதவர்களிலும், ஒரு கோளாறும் இன்றி இயல்பிலேயே நாடி மந்தமாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பல இனத்தவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்த ஆராய்ச்சியின் முடிவொன்று 2016-இல் வெளியாயிற்று. நாடியைக் குறைக்கும் மருந்து எதுவும் உண்ணாதவர்களில், 50க்குக் கீழ்ப்பட்ட நாடி உடையவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இருதய நோய் வரவில்லை. அத்தகைய மருந்துகளை உண்பவர்களில் நாடி 50க்குக் கீழே இருந்தவர்களுக்கோ மரண விகிதம் கூடுதலாக இருந்தது. மருந்தே அதற்குக் காரணமா, மருந்து தேவைப்பட்ட நோய் காரணமா என்று இதைக் கொண்டு தீர்க்க முடியாது. எனினும், ஒரே எண் இருவரிடத்தில் இரண்டு அர்த்தம் கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தூக்கத்தில் நாடி இறங்குவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆழ்ந்த நித்திரையில் வேகஸ் நரம்பின் கை ஓங்குவதால், ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 40க்கு அருகிலும், சிலருக்கு அதற்குக் கீழும் துடிப்பு இறங்குவதுண்டு. கடிகாரத்தின் இராக் கணக்கைப் பார்த்துக் கலங்குகிறவர்கள், முதலில் பகலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உள்ள கணக்கைப் பார்க்க வேண்டும்.

இனி, உண்மையில் அஞ்ச வேண்டிய மந்தம் எது என்பதற்கு வருவோம். 1827-இல் டப்ளின் நகரத்து வைத்தியர் ராபர்ட் ஆடம்ஸ், மிக மந்தமான நாடியோடு அடிக்கடி மூர்ச்சையாகி விழுந்த ஒரு முதியவரின் சரித்திரத்தை எழுதினார். அதே நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-இல் மேலும் சிலரைப் பற்றி எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்னமே, 1761-இல், இத்தாலியின் மோர்காக்னி இதைக் குறித்திருக்கிறார். அந்நோயாளிகள் எவ்வித முன்னறிவிப்புமின்றி, பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் வெளிறிச் சாய்வார்கள், நாடி காணாது, சில விநாடிகள் கழித்து முகம் சிவந்து, என்ன நடந்தது என்றே அறியாதவர்களாக எழுந்து உட்காருவார்கள். மூளையின் வலிப்பு என்று அக்காலத்தில் பலரும் நினைத்த இந்நோயின் இருப்பிடம் மூளையன்று, இருதயம் என்பது ஆடம்ஸின் அபிப்பிராயம். அவர் நினைத்தது சரியே. ஆனால் இருதயத்தில் எந்த இடம் என்பதற்கு விடை பல வருஷங்கள் கழித்தே வந்தது.

மேலறையில் எழும் கிளர்ச்சி கீழறைகளுக்கு இறங்குவதற்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. அதன் ஒரு பகுதியை 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டார். ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஜப்பானியரான சுனாவோ தவாரா, 1906-இல், பாதையின் வாயிலில் இருக்கும் கணுவையும், அங்கிருந்து கீழறைச் சுவர்கள் வரையில் பரவும் கிளைகளையும் தொடர்ச்சியாகக் காட்டினார். முதுமையில் இந்தப் பாதை நாராகிக் கெட்டுவிட்டாலோ, மாரடைப்பில் சேதமடைந்தாலோ, மேலிருந்து வரும் கட்டளை கீழே போய்ச் சேராது. கீழறைகள் தம் சொந்த முயற்சியில் நிமிஷத்துக்கு 30, 40 என்று துடித்துக்கொண்டிருக்கும். அந்த முயற்சி நம்பத்தக்கதன்று. எந்த க்ஷணத்திலும் அது தயங்கி நிற்கலாம். இது முழு இருதய அடைப்பு எனப்படும். பாதை அரைகுறையாகக் கெட்டுச் சில துடிப்புகள் மட்டும் தவறுவதும் உண்டு. அதன் வகைகளைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலையாதலால் நாம் அதற்குள் புகவேண்டாம். பாதை நன்றாயிருந்தும், சைனஸ் கணுவே தளர்ந்துவிடுவது மற்றொரு வகை. அத்தகைய முதியவர்களுக்கு நாடி சில வேளை அதிவேகமாக ஓடி, ஓட்டம் நின்ற மறுகணம், அடுத்த துடிப்பு வராமல் சில விநாடிகள் வெறுமையாகக் கழியும். மாடிப்படி ஏறினாலும் வேகமாக நடந்தாலும் நாடி 60ஐத் தாண்டாமல் தயங்கி நிற்பதும் இதன் சின்னமே. அப்படிப்பட்டவர், வயசாகிவிட்டது, முன்போல் முடியவில்லை என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்துவிடுகிறார்.

ஆகையால், நாடி மந்தமாக இருப்பதோடு, தலை கிறுகிறுத்தல், கண் இருளுதல், மயங்கி விழுதல், சிறிய வேலைக்கே மூச்சு வாங்குதல், நெஞ்சில் வலி, காரணம் விளங்காத களைப்பு, முதியவர்களுக்குப் புதிதாக ஏற்படும் புத்தித் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ என்றால், நாளைக்கு என்று வைக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோவில் திருவிழாக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்ற பெண்ணோ, ஊசி குத்துவதைக் கண்ட பையனோ, குமட்டி, வியர்த்து, கண் மங்கிச் சரிவது வேறு வகை, அது வேகஸ் நரம்பின் திடீர் உத்வேகத்தாலும் இரத்த அழுத்தம் விழுவதாலும் வருவது, படுக்கவைத்தால் தெளிந்துவிடும். முன்னறிவிப்பே இல்லாமல் விழுவதும், உட்கார்ந்திருக்கும்போதோ ஓடிக்கொண்டிருக்கும்போதோ விழுவதும்தான் சந்தேகத்துக்குரியவை. தொந்தரவு ஒன்றும் இல்லாமல், பயிற்சிக்காரரும் அல்லாமல், பகலில் விழித்திருக்கும்போதே 40க்குக் கீழே நாடி உள்ளவர், பதற்றமின்றி, ஆனால் தாமதமின்றி, ஒருமுறை இருதயத்தின் மின்பட வரைவு (ஈ.சி.ஜி.) எடுத்துப் பார்ப்பது விவேகம். 48 உடையவர், படியேறினால் நாடி 90, 100 என்று உயர்ந்து, இறங்கி உட்கார்ந்தால் தணிகிறது என்றால், அடுத்த முறை வேறு காரியமாக வைத்தியரைப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கடிகாரம் சொன்னதை அப்படியே நம்புவதற்குமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் அலையைத்தான் அது வெளிச்சத்தால் எண்ணுகிறது. சிலருக்கு ஒவ்வொரு முழுத் துடிப்புக்குப் பின்னும் ஓர் அவசரத் துடிப்பு முந்திக்கொண்டு வரும். அறைகள் நிரம்புமுன் வரும் அந்தத் துடிப்பில் மணிக்கட்டு வரையில் அலை எழும்பாது. இருதயம் 80 தடவை சுருங்க, கடிகாரமும் விரலும் 40 என்று சொல்லும். மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்துத் தமனியின்மேல் இரண்டு மூன்று விரல்களை வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பேறித்தனம் இல்லாமல் ஒரு முழு நிமிஷம் எண்ணினால், நடை சீராக இருக்கிறதா, இடையில் தவறுகிறதா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

லெய்டன் நகரத்தில் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய மின்பட முறை, சில நிமிஷங்களில் இந்த வேற்றுமைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடுகிறது. எப்போதோ வந்துபோகும் கோளாறு அந்தச் சில நிமிஷங்களில் அகப்படாது. அதற்கென்று நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் முதன்முதல் செய்த கருவி, முதுகில் சுமக்க வேண்டிய சுமார் 38 கிலோ மூட்டையாக இருந்தது; இன்று 24 மணி நேரம், அதற்கு மேலும், துடிப்பு முழுவதையும் பதியும் கருவி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பாதை அடைபட்டுவிட்டது என்று உறுதியானால், மருந்தைவிட, துடிப்பை மின்சாரத்தால் நடத்தும் பேஸ்மேக்கர் கருவியே நிலையான பரிகாரம். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில், ஒரு நாளில் பல தடவை மூர்ச்சையாகிக்கொண்டிருந்த 43 வயது ஆர்னே லார்சன் என்பவரின் உடலில், ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை ஓகே சென்னிங் என்ற அறுவை வைத்தியர் பொருத்தினார். லார்சனின் மனைவி அவ்விருவரையும் விடாமல் நச்சரித்திராவிட்டால் அது அன்று நடந்திராது. அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. எனினும் லார்சன், ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, தம்மைக் காப்பாற்றிய இருவருக்கும் பின்னே, 2001-இல் தமது 86-ஆம் வயதில் காலமானார். காரணம் இருதயமன்று, புற்றுநோய்.

ஆனால், மந்த நாடியோடு வைத்தியரிடம் போகும் எல்லாருக்கும் பேஸ்மேக்கர் காத்திருப்பதாக நினைக்கலாகாது. தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் நாடி தளரும். குளிரைப் பொறுக்காமையும், உடல் பருத்தலும், மலச்சிக்கலும் கூட வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, தினமும் உண்ணும் ஒரு மாத்திரையில் சீராகும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தாலும் நாடி அபாயகரமாக மந்தமாகும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் உபசரித்துக் கொடுக்கும் இளநீரும் அவர்களுக்கு இக்காரணத்தால் ஆகாது. டைபாய்டு சுரத்தில், சூட்டுக்கு ஏற்ப விரைய வேண்டிய நாடி விரையாமல் இருப்பதைப் பழைய வைத்தியர்கள் அடையாளமாகவே கொண்டிருந்தார்கள். இரவில் உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்களுக்கு அந்த நேரங்களில் நாடியும் வெகுவாக இறங்கும். அவர்களுக்குச் சிகிச்சை வேண்டியது மூச்சுக்கேயன்றி இருதயத்துக்கன்று.

எல்லாவற்றிலும் சாதாரணமாகக் காணப்படும் காரணம் மருந்துகளே. இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் தரப்படும் அட்டெனொலால், மெட்டோப்ரொலால் முதலியவையும், டில்டியாசெம், வெராபமில், டிகாக்சின் என்பவையும் நாடியைக் குறைப்பவை. குறைக்க வேண்டும் என்றே பலருக்குக் கொடுக்கப்படுபவை. கண்ணில் அழுத்தம் கூடியதற்காகக் கண் வைத்தியர் எழுதித் தரும் டிமொலால் சொட்டு மருந்தும் அட்டெனொலால் இனத்தைச் சேர்ந்ததே. கண்ணில் விட்டது மூக்கின் வழியே இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பது, உபயோகிப்பவருக்குத் தோன்றுவதில்லை. தாம் உண்ணும் மாத்திரைகளையெல்லாம் ஒப்பிக்கும் முதியவர், சொட்டு மருந்தை மருந்தாகவே கருதாமல் விட்டுவிடுகிறார். ஆகவே வைத்தியரிடம் போகும்போது, கண்ணுக்கு விடுவது உட்பட எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது உத்தமம். மருந்தே காரணம் என்று தாமே ஊகித்துவிட்டாலும், அதைத் தாமே நிறுத்திவிடக் கூடாது, அட்டெனொலால் இனத்து மருந்துகளைத் திடீரென்று விட்டால், அதுவரை அடங்கியிருந்த நெஞ்சுவலி முன்னிலும் உக்கிரமாகத் திரும்புவதுண்டு, மாரடைப்பும் நேர்ந்திருக்கிறது. அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை, எழுதிக் கொடுத்தவரே முடிவு செய்யட்டும்.